மிட்வைஃப் அம்மா படிக்கப் போனது

இல்ல மிஸ், எம் பொஞ்சாதிய எழுப்ப மாட்டேன். தூங்குறா. நீங்க உக்காருங்க. அதுல வேணாம், அது ஆடும், இதுல உக்காருங்க. கொடய வெளியவே வைங்க, ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. காலப் பாருங்க மொதல்ல. அந்தப் பாதையில வந்தா அட்ட ஏறாம இருக்காது. அந்தா, கணுக்காலுக்கு மேல. புடுங்காதீங்க, உப்பு தாறேன். ம். விழுந்துருச்சி. ரத்தம் கொஞ்சம் வரும், தானா நிக்கும்.

லிந்துல வரைக்கும் பஸ்ஸு, அங்கருந்து த்ரீவீலா? கோயில் வளைவோட எறக்கி விட்டிருப்பான். இந்த ஏத்தத்துல ஏத்த மாட்டானுங்க. அப்ப முழு நாளும் இதுலயே போயிருக்கும் ஒங்களுக்கு. போன் எடுத்திருந்தா இந்த அலைச்சல் இல்ல. தெரியும். அது அடிச்சிக்கிட்டுத்தான் கெடந்திச்சி. அவ எடுக்கல. நான் எடுத்து என்னத்தச் சொல்ல?

வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணும். சரி, வெளங்குது. திரும்பி வாறாளா இல்லையா, அவ்வளவுதானே. வரலன்னா படிப்புலருந்து பேர வெட்டிருவாங்க. நீங்க அப்படிச் சொல்லல, நல்ல மாதிரியாத்தான் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்.

எனக்கு மெதுவா பேச வராது. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுனவன். எஞ்சினுக்கு மேல கத்திக் கத்தி தொண்ட அப்படியே நின்னுருச்சி. அவளுக்குப் பழக்கம்தான்.

சாயத்தண்ணி குடிங்க. சீனி போட்டிருக்கேன். ஹட்டன்ல ஒங்க வாப்பா யாரு? நஜீம் முதலாளியா? அந்த ஸ்பெயார் பார்ட்ஸ் கட? அட, அவரு மகளா நீங்க! பிரேக் ஒயில் வாங்கப் போனா மனுசன் வெல சொல்றதுக்கு முன்னுக்கு இருமுவாரு. எவ்வளவு இருமுறாரோ அவ்வளவு வெல. சொகமா இருக்காரா? இருக்கட்டும். அவரு மகளா ப்ரொபசரு. பாருங்களேன். சரி, லெக்சரரு. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.

அவ ஒங்களப் பத்திச் சொல்லுவா. ஷிபானா மிஸ் அப்படிச் சொன்னாங்க, ஷிபானா மிஸ் இப்படிச் சொன்னாங்க. அவ மக வயசுல இருக்கீங்க, எங்களுக்கு மக இருந்திருந்தா. மிஸ் திட்டுனாங்கன்னு ஒரு நாள் சின்னப் புள்ளயாட்டம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு வந்தா. ரொம்பப் பேசுறாளாம். கேக்குற வேலையில இவ பேசிப்புடுறாளாம்.

பேசாம என்ன செய்வா மிஸ்? முப்பது வருசத்துக்கு மேல இந்தத் தோட்டத்துக்கு மிட்வைஃப். இங்க முப்பது வயசுக்குக் கீழ இருக்க எவன் தலையையும் மொதல்ல புடிச்சது இவ கைதான். மலைக்கு நடுவுல நின்னு கத்துவா. அழகம்மை, ஒனக்கு ரத்தம் பத்தாது, மாத்திரய முழுங்குறியா, ஆட்டுக்குப் போடுறியா? அந்த மலையில இருக்க எல்லாருக்கும் கேக்கும். அழகம்மைக்கு எத்தன மாசம், அவ புருசன் எப்ப வந்து போனான், எல்லாம் அந்தச் சத்தத்துல இருக்கும். ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க. மிட்வைஃப் அம்மா வாயத் தொறந்து திட்டுறான்னா புள்ள நல்லா இருக்குன்னு அர்த்தம். அவ வாயத் தொறக்கலன்னாத்தான் பயப்படணும்.

அப்படி இருந்தவள கூட்டிக்கிட்டுப் போயி வாய மூடுன்னு சொல்லிக் குடுத்தீங்க.

குத்தம் சொல்லல. அவளா கேட்டுத்தான் போனா. வேலையில இருக்கும்போதே வெளிவாரியா பி.ஏ. முடிச்சிட்டா. அது ஒரு பைத்தியம். பென்சன் வந்து, குவாட்டர்ஸ விட்டுட்டு, எங்கப்பன் இருந்த இந்த லயத்து வரிச வீட்டுக் காம்பராவுக்கே திரும்பி வந்து, சாமானெல்லாம் எறக்கி ஒரு மாசங்கூட ஆகல. பி.ஏ.வுக்கு மேல முதுமாணி படிக்கப் போறேங்குறா. உளச்சிகிச்சையாம். எதுக்குடின்னேன். புள்ள பெத்துட்டு அழுகுற பொம்பளைங்கள எத்தனையோ பேரப் பாத்துருக்கேன், பால குடு எல்லாம் சரியாப் போயிரும்னு சொல்லிட்டுப் பையத் தூக்கிக்கிட்டு வந்துருவேன், அதுல ரெண்டு பேருக்கு சரியாப் போகலன்னு சொன்னா. அந்த ரெண்டு பேரு யாருன்னு எனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். பொறகு நான் ஒண்ணும் கேக்கல. படின்னுட்டேன்.

படிச்சா பாருங்க ஒரு படிப்பு. இங்க போன் அடிக்கும், ஆனா இன்டர்நெட்டுக்கு சிக்னல் இல்ல. அந்த மேல தண்ணி டாங்கி இருக்குல்ல, அங்க நின்னாத்தான் ரெண்டு கோடு வரும். ஒங்க சூம் கிளாஸுக்கு அங்கதான் போவா. ஒரு கையில கொட, ஒரு கையில போன், கழுத்துல மப்ளர். கொழுந்து எடுத்துட்டு எறங்குற பொம்பளைங்க நின்னு பாக்குங்க. தனியா நின்னு இங்கிலீஸ்ல பேசுறா, தலைய ஆட்டுறா, கண்ணத் தொடைக்கிறா. மிட்வைஃப் அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சி, டைவரு அண்ணே, பாத்துக்கங்கன்னு என்கிட்ட வந்து சொன்னாளுங்க. நான் என்னத்தப் பாக்க.

வீட்டுக்கு வந்தா அகராதிய வச்சிக்கிட்டு உக்காந்துருவா. ஒரு பக்கம் வாசிக்க ஒரு பொழுது. பொறகு ஒத்த வெரலால டைப் அடிப்பா. டொக்கு. டொக்கு. கோழி கொத்துற மாதிரி. சனிக்கெழம விடிய முன்னுக்கு டோர்ச் அடிச்சி ரோட்டு வரைக்கும் கொண்டு போயி பஸ் ஏத்துவேன். அங்க கிளாஸ்ல பேங்க் மேனேஜர் பொஞ்சாதி, யாரோ கன்னியாஸ்திரி, மிச்சமெல்லாம் சின்னஞ்சிறுசுங்க, ஆன்ட்டி ஆன்ட்டிங்குதாம். ஒங்க சிற்றுண்டியில கேக்கு குடுப்பீங்களே. அதத் திங்காம டிஸ்யூல சுத்திக் கொண்டாருவா எனக்கு. நசுங்கிப் போயிருக்கும். திங்குவேன்.

பிராக்டிஸ் வேற. ஆள் வேணுமாம். வேற ஆளு எங்க, நான்தான். ரெண்டு நாற்காலியப் போடுவா. நேருக்கு நேர் போடக்கூடாது, கொஞ்சம் சாய்ச்சிப் போடணும். இப்ப என்ன உணர்றீங்கன்னு கேப்பா. பசின்னேன். அது உணர்ச்சி இல்லங்குறா. அப்ப என்னான்னு நீயே சொல்லுடின்னேன். நான் சொல்லக்கூடாதுங்குறா. இது என்னாடி வெளயாட்டு, தெரிஞ்சவ சொல்ல மாட்டா, தெரியாதவன் சொல்லணுமான்னேன். பொறகு அவ பேசாம இருந்தா. நாம பேசாம இருந்தா அவங்களா பேசுவாங்கன்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களாம். நானும் பேசல. அவளும் பேசல. அடுப்புல சோறு புடிச்சி தீயிற வாட வருது. ரெண்டு பேரும் எந்திரிக்கல. அத டேப் பண்ணிக் கொண்டாந்து ஒங்ககிட்டக் குடுத்துருக்கா. ரெசிஸ்டன்ஸ்னு எழுதுனீங்களாம். அப்படின்னா என்னான்னேன். பிடிவாதமாம். அதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி?

சிரிங்க, சிரிங்க. அவளும் சிரிச்சா. அப்ப சிரிச்சா.

பொறகு நெசமான ஆளுங்களப் பாக்கணும்னீங்க. வேலைக்குப் போற பொம்பளைங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக் காம்பராவ சாயந்தரத்துல தொறந்து குடுத்தாரு தோட்டத்துத் தொர. யாரு வாறாங்குறீங்க? முத்துலிங்கம் கங்காணி வந்தாரு. சம்சாரம் செத்ததுலருந்து தூக்கமில்ல மனுசனுக்கு. வந்து உக்காந்த ஒடன சட்டக் கைய சுருட்டி நீட்டுறாரு. பிரசர் பாக்க. இல்லண்ணே, இது வேறங்குறா. சரிம்மா, வேறயும் பாருங்க, மொதல்ல பிரசரப் பாருங்கங்குறாரு. அடுத்த வாரமும் அப்படித்தான். கடைசியா டிஸ்பென்சரியில கெஞ்சி அந்த மிசினக் கொண்டாந்து பிரசரப் பாத்த பொறகுதான் மனுசன் ரெண்டு வார்த்த பேசுனாரு. இத அவ ஒரு சிரிப்பாத்தான் சொன்னா. எனக்கும் அப்ப சிரிப்பாத்தான் இருந்திச்சி.

தர்ஷிகாவா. ம். சொல்லாம எங்க போகப் போறேன். அதுக்குத்தானே வந்துருக்கீங்க.

செல்லசாமி மக. இவ கையில பொறந்த புள்ளதான். போன பெருமழையில பின் லயத்துக்கு மேல இருந்த மண் கரை மொத்தமா சரிஞ்சி எறங்கிருச்சி. பட்டப்பகல்ல. புள்ள பீலியில தண்ணி புடிக்கப் போயிருந்திச்சி, ஆத்தா உள்ளுக்கு இருந்தா. நாங்க மம்பட்டியோட ஓடுனோம். விடுங்க அத. செல்லசாமிக்கும் புள்ளைக்கும் முன் லயத்துல காம்பரா குடுத்தாங்க. அதுலருந்து மழ விழுந்தா புள்ளைக்கு கை கால் ஓடாது. நெலப்படியப் புடிச்சிக்கிட்டு நிக்கும். கூப்புட்டா கேக்காது. இந்த ஊருல என்னைக்கி மழ இல்ல மிஸ்? வேலைக்குப் போறதில்ல, கடைக்கிப் போறதில்ல. கல்யாணம் வேற பேசி வச்சிருந்திச்சி. வலப்பனைப் பக்கம், நிரோஷன்னு ஒரு பையன், போன் ரிப்பேர் கட. ஆத்தா இருக்கும்போது பேசுனது. நல்ல பையன்தான், அப்ப.

புள்ளக் காம்பராவுக்கு அது வராது. வழியில மழ புடிச்சிருமேன்னு. இவ ஒங்ககிட்டக் கேட்டா. வீட்டுக்குப் போகலாமான்னு. நீங்க யோசிச்சிட்டு சரின்னீங்க. ஒரே நாள், ஒரே நேரம், கதவச் சாத்திக்கிட்டுப் பேசணும், யாரும் உள்ளுக்கு வரக்கூடாது. அப்படித்தானே சொன்னீங்க? ஆமா. சட்டம்தான். வேற எடத்துல சரியாத்தான் இருக்கும்.

புதன்கெழம புதன்கெழம போனா. அதே கருப்புக் கொட. அதே பிரவுண் பை, டிஸ்பென்சரிக் காலத்துப் பை. அதுக்குள்ள டேப் பண்ற போனும் தண்ணிப் போத்தலும்தான் இருக்கு, அது எனக்குத் தெரியும். லயத்துக்குத் தெரியுமா? மிட்வைஃப் அம்மா பையோட வாறா. கல்யாணமாகாத புள்ள வீட்டுக்குள்ள போறா. பகல்ல கதவச் சாத்துறா. எங்க லயத்துல பகல்ல கதவு சாத்துறதே இல்ல மிஸ். சாத்துனா உள்ளுக்கு புள்ள பொறக்குது, இல்ல ஆளு போகுது. அடுத்த வாரம் அதே நேரத்துக்கு மறுபடி வாறா. அடுத்த வாரமும்.

அவ மறந்துட்டா மிஸ். படிக்கப் போனதுல அவ தான் யாருன்னு மறந்துட்டா. தோட்டத்துல வேற ஒருத்தரும் மறக்கல.

புள்ளைக்குக் கொஞ்சம் நல்லாத்தான் வந்திச்சி. இவ என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா, ரகசியம் காக்கணுமாம். ஆனா நான் ரோட்டுலருந்து பாத்தேன். தூத்தலா விழுந்துக்கிட்டிருந்திச்சி. அந்தப் புள்ள இஸ்தோப்புத் திண்ணையில நின்னுக்கிட்டு ஒரு கைய வெளிய நீட்டுது. மழையில. இழுத்துக்கிடுது. மறுபடி நீட்டுது. இவ பக்கத்துல சும்மா நிக்கிறா. ஒரு வார்த்த பேசல. இவளா அதுன்னு நெனச்சேன். அன்னைக்கி வந்து ரெண்டு தட்டு சோறு தின்னா.

பீலிக்கரையிலதான் கேட்டிருக்காளுங்க. அம்மா, செல்லசாமி மகளுக்கு என்னாங்கம்மா? பழைய ஆளா இருந்தா என்ன சொல்லியிருப்பா? ஒங்களுக்கு வேற வேல இல்லையாடி, அதுக்கு மழைக்கிப் பயம், ஆத்தாளப் பறிகுடுத்த புள்ள, போங்கடி. முடிஞ்சிருக்கும். இவ என்ன சொன்னா தெரியுமா? அந்தப் புள்ள விசயத்த நான் வெளிய பேச முடியாது.

அவ்வளவுதான். அதுக்கு மேல அவளுங்களுக்கு என்ன வேணும்? ஊருக்கே கத்திச் சொல்றவ, இத மட்டும் சொல்ல முடியாதுங்குறா. வேற என்னவா இருக்கும்?

வீட்டுக்கு வந்து என்கிட்டப் பெருமையா சொல்றா மிஸ். கேட்டாளுங்க, நான் சொல்லலங்க. ஒழுங்கா நின்னேன்னு. ஷிபானா மிஸ்கிட்டச் சொன்னா சந்தோசப்படுவாங்கன்னு.

சொன்னாளா ஒங்ககிட்ட? நல்லதுன்னு சொன்னீங்களா. ம்.

ஆம்பளைங்களுக்கு எல்லாம் கடைசியாத்தான் வரும். கடைச் சந்தியில பிரதாபன், த்ரீவீல்காரன், அவன் கேக்குறான். டைவரு அண்ணே, செல்லசாமி மகளுக்கு எத்தன மாசமாம்? எனக்கு வெளங்கல. வெளங்குனப்ப அவன் சட்டையப் புடிச்சிட்டேன். புடிச்சி என்ன? அந்தப் பேச்சு அதுக்குள்ள வலப்பனைக்குப் போயிருச்சி. நிரோஷனோட மாமன் ஒருத்தரு வந்தாரு. நாள் சரியில்ல, கொஞ்சம் தள்ளிப் போடுவோம்னாரு. தள்ளிப் போடுறதுன்னா என்னான்னு செல்லசாமிக்குத் தெரியாதா.

இவ காதுக்கும் வந்திச்சி. பொறகு சீலைய மாத்துனா. நானும் வாறேன்னேன், வேணாம்னா. வலப்பனைக்குப் போயி, அந்தப் பையன் வீட்டுல உக்காந்து, இல்லங்க, அந்தப் புள்ளைக்கு அப்படி ஒண்ணும் இல்ல, நான் மிட்வைஃப் வேலையா போகல, அது மனசுக்காகப் போனேன், ஆத்தா மண்ணுக்குள்ள போனதப் பாத்த புள்ள, மழ வந்தா நடுங்குது, அதுக்கு வைத்தியம் பாக்குறேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டா. பையனோட ஆத்தா கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். கடைசியா ஒண்ணுதான் கேட்டுச்சாம். அப்ப பைத்தியமா?

அதோட முடிஞ்சிச்சி. மாசமா இருக்கான்னு ஊரு மொதல்ல சொன்னதுக்காச்சும் ஒரு வழி இருந்திச்சி. இதுக்கு இல்ல.

இவ திரும்பி வந்த கோலத்தப் பாக்கணும். சேத்துக் காலோட அந்தப் படியில உக்காந்துருந்தா. நான் சட்டத்த மீறிட்டேங்குறா. என்ன சட்டம்டி. வெளிய சொல்லக்கூடாதத சொல்லிட்டேங்க. சொல்லாமயும் கெடுத்தேன், சொல்லியும் கெடுத்தேன். அதுதான் அவ என்கிட்டப் பேசுன கடைசி நீளப் பேச்சு.

அடுத்த புதன் போனா. போகாதன்னு சொல்லிப் பாத்தேன். போனா. புள்ள கதவத் தொறந்திச்சாம். நீங்களும் சொல்லிட்டீங்களே அம்மான்னிச்சாம். சாத்திருச்சி.

பொறகு ரெண்டு நாள் விடாத மழ. நான் கடைச் சந்தியில நின்னேன். அந்தப் புள்ள வருது. கொட இல்ல, ஒண்ணும் இல்ல, ஒரு பேக்கு மட்டும். தலையிலருந்து ஊத்துது. நடுங்கல மிஸ். நேரா நடந்து வந்து ஹட்டன் பஸ்ஸுல ஏறி உக்காந்திச்சி. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னோம். அது மழையில வெளிய வந்துருச்சேன்னு பாத்துக்கிட்டு நின்னோமே தவிர, எங்க போறன்னு ஒருத்தனுக்கும் கேக்கத் தோணல.

தெரியாது. கொழும்புன்னு சொல்றாங்க. யாரோ வீட்டு வேலைக்கின்னு சொல்றாங்க. போன் வேல செய்யல. செல்லசாமி ரெண்டு தடவ போயி கொட்டாஞ்சேன, வெள்ளவத்தன்னு சுத்திட்டு வந்துட்டான். போலீசுல சொன்னா, வயசு வந்த புள்ள, தானா போனதுங்குறாங்க.

ஒண்ணு கேக்கணும் ஒங்ககிட்ட. மழையில கால வைக்க முடியாத புள்ள, மழையோட மழையா நடந்து போச்சி. ஒங்க படிப்புல அதுக்குப் பேரு கொணமாயிருச்சின்னா? சொல்லுங்க. நீங்க படிச்சவங்க.

சரி. விடுங்க. நீங்களும்தான் என்ன செய்வீங்க. அழாதீங்க மிஸ். அழுறவங்கள என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியாது. அதெல்லாம் அவ வேல. தண்ணியக் குடிங்க.

அன்னைக்கிப் படுத்தவதான். எந்திரிப்பா, மூஞ்சக் கழுவுவா, மறுபடி செவத்தப் பாத்துப் படுத்துக்குவா. வச்சதக் கொஞ்சம் கொறிப்பா. டொக்கு டொக்குச் சத்தம் இல்லாம வீடு வீடா இல்ல. நானும் செஞ்சி பாத்தேன். அவ செஞ்ச மாதிரியே நாற்காலிய சாய்ச்சிப் போட்டு உக்காந்தேன். பேசாம. நாம பேசாம இருந்தா அவங்களா பேசுவாங்கன்னு சொன்னாளே. உக்காந்தேன், பொழுது போயிருச்சி. பேசல. அது ஒங்க ஊருலதான் வேல செய்யும் போல.

வேற கேஸா? ஆறு மாசம் கூட்டித் தருவீங்களா? மிஸ், நல்ல மனசு ஒங்களுக்கு. ஆனா யாரு இவளுக்குக் கதவத் தொறப்பா இனி? முத்துலிங்கம் கங்காணிகூட பிரசருக்கு டவுனுக்குப் போறாரு. இவ ஒரு வாசல்ல நின்னா அந்த வீட்டுப் பேரு கெட்டுப்போகும்னு ஆயிருச்சி. தல புடிச்ச கைய கண்டு புள்ளைங்கள உள்ளுக்கு இழுத்துக்கிடுறாளுங்க. அழகம்மை உட்பட.

இவ மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஒங்கள மாதிரி நல்ல வார்த்த எனக்கு வராது. தப்பு இருக்கு. இந்தத் தோட்டத்துல பொறந்தவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆனா அன்னைக்கி அந்தப் புள்ள மழையில கைய நீட்டுனத நான் பாத்தேன். அது பொய்யில்ல. அத இவதான் செஞ்சா. வேற எவளும் செய்யல, டிஸ்பென்சரி செய்யல, கோயில் செய்யல. நான் நாப்பத்தஞ்சி வருசமா இவகூட இருக்கேன், ஒரு தடவகூட இத மாதிரி ஒண்ணுக்கு நல்லாருக்குன்னு சொன்னதில்ல. கேக்கும்போதெல்லாம் பசின்னேன். இப்ப கேட்டா சொல்லுவேன். என்ன உணர்றீங்கன்னு கேட்டான்னா, பயமா இருக்குடின்னு சொல்லுவேன். நீ எந்திரிக்காம போயிருவியோன்னு பயமா இருக்குன்னு. படிச்சா படிக்கட்டும், படிக்காட்டி கெடக்கட்டும். பேர வெட்டுனா வெட்டட்டும். எந்திரிச்சி வந்து நான் வச்ச சோத்தையாவது கொழஞ்சி போச்சின்னு திட்டட்டும்.

எழும்பிட்டீங்க? பஸ்ஸு இருக்கு இன்னும். சரி, இருட்டுறதுக்குள்ள எறங்குறதுதான் நல்லது.

இல்ல, நீங்க பேசுனதால ஒண்ணும் முழிச்சிக்கல. அவ தூங்கல மிஸ். நீங்க ஏத்தத்துல வரும்போதே முழிச்சித்தான் கெடந்தா. மேல பாருங்க. இந்த நடுச் செவரு கூரைய தொடாது. எந்த லயத்துலயும் தொடாது. இங்க பேசுறது அந்தப் பக்கம் விழும், முக்குனாக்கூட விழும். நேரா சொன்னா தலவாணிய எடுத்துக் காதுல வச்சிக்கிறா. வெளியாளு இருந்தா மரியாதைக்கி வைக்க மாட்டா. அதான் ஒங்கள உக்கார வச்சேன். இல்லாட்டி நானாவது, இவ்வளவு பேசுறதாவது.

ம். நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு சத்தமும் இல்ல. கட்டில்கூட அசையல.

வெள்ளிக்கெழமைக்கு என்கிட்ட பதில் இல்ல மிஸ். ஒங்களுக்கு என்ன சரின்னு படுதோ சொல்லிருங்க. கெளம்புங்க. எறக்கத்துல பாசி கெடக்கு, ஓரமா கால வச்சிப் போங்க.